இத்தாலி, வழி: எண்ணூர்

இத்தாலிக்குப் போகிறவர்கள் முதலில் ரோமாபுரிக்குப் போவார்கள், பிறகு சாய்ந்த கோபுரம் இருக்கும் ஊருக்குப் போய், அதைக் கையால் தாங்குவதுபோல் ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். நான் முதலில் போய் இறங்கியது காசிமேட்டில். இறங்கிய உடனே ஒரு பெண்மணி மீன்கூடையால் என் முழங்காலில் ஓர் இடி இடித்துவிட்டு, “ஓரமா நில்லு நைனா, இன்னா வேடிக்க?” என்றார். அதுவும் இத்தாலிப் பாடத்தில் சேர்த்தி என்பது எனக்கு அப்போது தெரியாது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் மதுரைக்காரன். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கடை. என் மகள் கயல் ஜெனோவாவுக்குப் படிக்கப் போனாள், படித்தாள், அங்கேயே வேலை பார்த்தாள், கூடவே மத்தேயோ என்று ஒரு பையனையும் பார்த்துவிட்டாள். பையன் தங்கமானவன். வீடியோவில் பார்த்தேன், சாம்பார் சாதத்தைக் கையால் பிசைந்து சாப்பிடுகிறான். அதற்குமேல் ஒரு மாப்பிள்ளையிடம் என்ன கேட்க?

சிக்கல் அவனுடைய அம்மா. லூச்சியா என்று பெயர். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. கணவர் பியேரோ இறந்து இரண்டு வருடம் ஆகிறது, இருப்பது ஒரே பிள்ளை. கல்யாணப் பேச்சை எடுத்தால் எழுந்துபோய் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்துவிடுகிறாராம். அம்மா வாயால் சம்மதம் வராமல் தனக்கு மனசு வராது என்று பையன் சொல்லிவிட்டான். கயல் போனில் அழுதாள்.

நானே வந்து கேட்கிறேன் என்றேன். “மொழிபெயர்க்க நான் இருக்கேன்ப்பா” என்றாள் மகள். பெண்ணையே பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பெண்ணுக்குச் சம்பந்தம் பேசுகிறவன் உலகத்தில் எங்காவது உண்டா? அந்தம்மாவின் பாஷையில் நானே நாலு வார்த்தை பேசுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். என் மனைவி சிவகாமி, “பெங்களூர்க்காரங்ககிட்ட ரோசாப்பூ விலை பேசவே ஆள் வைக்கிறவரு நீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கத்திரிக்காய் நறுக்கப் போய்விட்டாள்.

அப்படித்தான் பிலோமினாவின் வகுப்பில் வந்து சேர்ந்தேன். ராயபுரத்துப் பெண். இத்தாலியில் பல வருடம் வீடுகளில் தங்கி, வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவர். திரும்பி வந்து, அங்கே போகிறவர்களுக்குப் பாஷை சொல்லிக் கொடுக்கிறார். விசா வரும்வரை திருவொற்றியூரில் என் சின்னம்மா மகன் வீட்டில் தங்கிக்கொண்டு படித்துவிடலாம் என்பது ஏற்பாடு.

முதல் நாளே ரயிலில் மாறி ஏறினேன். தெற்கே ராயபுரம் போக வேண்டியவன் வடக்கே கும்மிடிப்பூண்டி வண்டியில் உட்கார்ந்து, ஜன்னல் காற்றை ரசித்துக்கொண்டு வந்தேன். அத்திப்பட்டு தாண்டியதும் எதிரில் இருந்தவர் விசாரித்தார். “ராயபுரமா? அது அந்தாண்ட கீது மாமு! எறங்கு எறங்கு!” என்று பதறி, வண்டி நின்றதும் என் பையை அவரே தூக்கி வெளியே வைத்தார். மாட்டுத்தாவணியில் பஸ் மாறி ஏறினால் மேலூர் போவோம். இங்கே மாறி ஏறினால் ஆந்திராவுக்கே போய்விடலாம் போலிருக்கிறது.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வகுப்பு ஏற்கெனவே தொடங்கியிருந்தது. மாணவர்கள் என்னோடு சேர்த்து மூன்று பேர். எம்.கே.பி. நகரிலிருந்து வரும் கவிதா நர்ஸ், அங்கே வேலை கிடைத்திருக்கிறது. வண்ணாரப்பேட்டை யூசுப் பாய் தோல்பை தைக்கிற மெஷின் பார்க்கப் போகிறார்.

“புக்கு ஏதும்மா?” என்று கேட்டேன்.

“புக்கெல்லாம் கெடியாது நைனா. ஒரு நாளிக்கு ஒரு ஊரு. அந்த ஊர்க்காரன் எப்டி துன்றான், எப்டி கத்துறான், எதுக்கு அழுவுறான், அத்த தெரிஞ்சிக்க. பேச்சு அப்பால தானா வரும்.” பிலோமினா ஏலம் நடந்த பக்கம் கையைக் காட்டினார். “இன்னிக்கு நாப்போலி. கண்ண மூடிக்கினு கேளு, அதான் இது.”

கேட்டேன். வஞ்சிரத்துக்கு ஒருவர் விலை சொல்ல, இன்னொருவர் அவர் தலைமுறையையே திட்ட, நடுவில் ஒரு அம்மா ஐந்து விரலையும் குவித்து மேலும் கீழும் ஆட்டி, “இன்னான்ற இப்ப?” என்றார். நாப்போலியிலும் இதே கைதான், இதே கேள்விதான் என்றார் பிலோமினா. நாங்களும் விரலைக் குவித்து ஆட்டிப் பழகினோம். யூசுப் பாய் ஒரு நெத்திலிக் கூடையைக் காட்டி “குவாந்தோ கோஸ்தா?” என்று விலை கேட்டார். அந்த அம்மா கொஞ்சமும் அசரவில்லை. “ஐநூறு. எந்த பாஷைல கேட்டாலும் ஐநூறுதான்” என்றார்.

அன்று படித்ததில் இரண்டு வார்த்தைகள் எனக்குப் பிடித்துப்போயின. ஒன்று ‘ஃபெஸ்தா’. திருவிழா, கொண்டாட்டம், கல்யாணக் களேபரம், எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். மாதாவுக்கு ஒரு ஃபெஸ்தா, மீனுக்கு ஒரு ஃபெஸ்தா, வெங்காயத்துக்குக்கூட ஒன்று வைத்திருக்கிறார்களாம். சித்திரை மாதத்து மதுரைக்காரனிடம் இதை விளக்கவே வேண்டாம். இன்னொன்று ‘கொன்சுவோச்செரோ’. அதற்கு அர்த்தம் சம்பந்தி! இங்கிலீஷில் சம்பந்திக்கு ஒரு வார்த்தை கிடையாது, தெரியுமோ? மகளின் மாமியார், மருமகனின் அம்மா என்று சுற்றி வளைப்பார்கள். இத்தாலிக்காரர்கள் நம்மைப் போல உறவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள். எனக்கு அந்த நாட்டின்மேலேயே ஒரு பாசம் வந்துவிட்டது.

“போன உடனே இப்படியே கூப்பிட்டுடறேன்” என்றேன்.

“உஷாரு நைனா. அந்தம்மா ஒன்ன அப்டி கூப்ட்டாதான் நீ சம்பந்தி. அதுக்கு முன்னாடி நீ கூப்ட்டா அடுப்பத் தொடைக்கப் போய்டும்.”

சாயங்காலம் வியாசர்பாடியில் அத்தோ சாப்பிட்டோம். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ். முட்டைக்கோஸ், புளித்தண்ணீர், பொரித்த பூண்டு எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருகிறார்கள், கூடவே வாழைத்தண்டு சூப். பிலோமினா கைப்பையிலிருந்து நான்கு முள்கரண்டிகளை எடுத்துக் கொடுத்து, இதைச் சுருட்டிச் சாப்பிடப் பழகு, ஸ்பெகத்தி தானாக வரும் என்றார். நான் சுருட்டிய சுருட்டில் பாதி என் சட்டைக்குப் போயிற்று. கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, “கை நல்லாதான கீது?” என்று கேட்டார்.

இரண்டாம் நாள் பாடம் பொலோஞ்ஞா. சாப்பாட்டுக்குப் பேர்போன ஊர். அதனால் வகுப்பு யூசுப் பாய் வீட்டுச் சாப்பாட்டறையில். அவருடைய மனைவி நெய்ச்சோறும் தால்சாவும் பரிமாறினார். வாசனை மாடிப்படியிலேயே வந்து அழைத்துக்கொண்டு போயிற்று. ஊரில் கல்யாணப் பந்தியில் உட்கார்கிற பழக்கம் எனக்கு. இலையில் விழுந்ததுதான் சாப்பாடு என்று மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். “பெரியவரு ரசிச்சி சாப்டுறாரு” என்று அந்தம்மா நாலாவது தடவையும் வைத்தார். பிலோமினா வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

தட்டை எடுத்துவிட்டு வேறு தட்டு வைத்தார்கள். ஆட்டுக்கால், வறுத்த கறி, கோழி என்று ஒவ்வொன்றாக வந்து இறங்கின.

“மொதல்ல வந்தது ப்ரீமோ” என்றார் பிலோமினா, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே. “இப்ப வர்றதுதான் செகோந்தோ. சோறும் கறியும் அங்க சேந்து வராது. ஊர்ல இருந்து வர்ற எல்லாரும் இந்த பள்ளத்துல ஒரு தபா விழுவாங்க. நீ இங்கியே வுழுந்துட்ட, நல்லதாப் போச்சி.”

நான் பொலோஞ்ஞாவில் படித்த ஒரே பாடம் இதுதான். கறியை விட முடியுமா? அதையும் சாப்பிட்டேன். பிறகு யூசுப் பாயின் பாயில் சாய்ந்து கிடந்தபோது, யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ரகசியத்தை அவரிடம் சொன்னேன்.

ஓசூரில் எனக்கு ஒரு சிநேகிதர், வெளிநாட்டுக்குப் பூ அனுப்புகிறவர். அவர் மூலமாக, லூச்சியா அம்மாள் இருக்கும் ஊர்ப் பூக்கடையில் சொல்லி ஏற்பாடு செய்திருந்தேன். வெள்ளைச் சாமந்தி, நெருக்கிக் கட்டி, வட்டமாக, மாட்டுவண்டிச் சக்கரம் அளவுக்கு. நான் போய் வாயால் கேட்பதற்கு முன்னால் என் தொழில் போய்ப் பேசட்டும் என்று கணக்கு. மறுநாள் காலையில் அவர் வீட்டு வாசலில் இருக்கும். மகளுக்கும் தெரியாது, சிவகாமிக்கும் தெரியாது.

“சூப்பர்ணா” என்றார் யூசுப் பாய். நான் நிம்மதியாக ஒரு ஏப்பம் விட்டேன்.

மூன்றாம் நாள். “இன்னிக்கு ஒன் சம்பந்தி ஊரு” என்று பிலோமினா அறிவித்தார். ஜெனோவா இருக்கும் கடற்கரைக்கு லிகூரியா என்று பெயர். “ஒரு பக்கம் கடலு, ஒரு பக்கம் மலை, நடுவால கண்டெய்னரு. எண்ணூர்ல மலை ஒண்ணுதான் இல்ல.” ஷேர் ஆட்டோவில் ஏறி நான்கு பேரும் கிளம்பினோம். லிகூரியா பூவுக்கும் பேர்போன நாடு என்று அவர் சொன்னபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. பூவுக்கு ‘ஃபியோரே’, நிறைய இருந்தால் ‘ஃபியோரி’. மஞ்சளுக்கு ‘ஜல்லோ’. மனப்பாடம் செய்துகொண்டே போனேன்.

டோல்கேட் பக்கத்தில் வண்டியை ஓரங்கட்டினார்கள். எதிரில் ஒரு பெரியவரின் இறுதி ஊர்வலம். நிறைந்த வயசு போலிருக்கிறது, பறை அதிர்ந்தது, இளவட்டங்கள் ஆடிக்கொண்டு வந்தார்கள், ஒருவர் கானா பாடிக்கொண்டு வந்தார். வழி நெடுக சாமந்தியைப் பிய்த்து இறைத்தார்கள். ஆட்டோவுக்குள்ளும் கொஞ்சம் வந்து என் மடியில் விழுந்தது. கும்பிட்டோம். பிலோமினா சிலுவை போட்டுக்கொண்டார்.

ஊர்வலம் போனதும், என் மடியில் இருந்த பூவை எடுத்துக் காட்டி அவர் சொன்னார்: “இதுவும் பாடம்தான், கேட்டுக்கங்க. நம்ம ஊர்ல இது சாமிக்கும் போவும், கல்யாணத்துக்கும் போவும், சாவுக்கும் போவும். இத்தாலில இது செத்தவங்களுக்கு மட்டும். கல்லறைத் திருநாளு அன்னிக்கு வண்டி வண்டியா வந்து எறங்கும். உசிரோட கீறவங்க வூட்டுக்கு இத்த எட்த்துகினு போனா, வெளக்குமாறுதான்.”

யூசுப் பாய் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

ஓசூருக்குப் போன் போட்டேன். “டெலிவரி ஆயிருச்சு, போட்டோ அனுப்பிருக்கேன் பாருங்க” என்றார் சிநேகிதர், குதூகலமாக. பார்த்தேன். மூன்று காலில் நிறுத்தி வைத்த பெரிய வெள்ளை வளையம். பூக்கடைக்காரர் தன் பங்குக்குக் குறுக்கே ஊதா ரிப்பன் கட்டி அதில் எழுத்தும் போட்டிருந்தார். நர்ஸ் வேலைக்காக முன்பே கொஞ்சம் படித்திருந்த கவிதா, அதை எழுத்துக்கூட்டித் தமிழில் சொன்னாள். “ஆழ்ந்த… இரங்கலுடன்…” என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

கணவனை இழந்த பெண். இருப்பது ஒரே பிள்ளை. காலையில் கதவைத் திறந்தால் வாசலில் சாவு வளையம், அனுப்பியவர் பெயர் பெண்ணின் அப்பா. முப்பது வருடம் பூ விற்றவன் நான். எந்தப் பூ எந்த வாசலுக்குப் போகும் என்று கேட்கத் தோன்றவில்லையே. என் மகள் கல்யாணத்தை நானே கெடுத்துவிட்டேன் என்று சத்தமாகவே சொன்னேன்.

“பேஜார் ஆவாத. மொதல்ல போன் போடு” என்றார் பிலோமினா.

“நீங்க பேசிருங்கம்மா.”

“நான் பேசினா அது பிலோமினா கேக்குற மன்னிப்பு. ஒன் பூவு, ஒன் வாயி. அந்தம்மா சொல்றத்த மட்டும் நான் காதுல சொல்றேன்.”

கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மகளைக் கூப்பிட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இதற்குள் ஆட்டோ எண்ணூர் சாலையில் வசமாக மாட்டிக்கொண்டது. முன்னால் கண்டெய்னர் லாரி, பின்னால் கண்டெய்னர் லாரி, பக்கத்தில் இன்னொன்று. வலப்பக்கம் கடல் கருங்கல் தடுப்பில் வந்து மோதிக்கொண்டிருந்தது. ஹாரன் சத்தம் மண்டையைப் பிளந்தது. மதுரையில் கீழவாசல் நெரிசலைத் திட்டியதற்காக அன்று மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். ஒருவர் சுண்டல் விற்க வந்தார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பதிலிருந்தே நிலைமை உங்களுக்குப் புரியும்.

பக்கத்து லாரி டிரைவர் மேலிருந்து எட்டிப் பார்த்தார். “இன்னா நைனாவுக்கு? பேயறஞ்ச மாரி கீறாரு?”

யூசுப் பாய் முழுக் கதையையும் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “சம்பந்தி வூட்டுக்கு சாவு மாலையா! இன்னா நைனா நீ!”

அப்போது என் போன் அடித்தது. திரையில் அந்தம்மாவின் பெயர்.

டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, இறங்கி நின்று பின்னால் இருந்தவர்களைப் பார்த்துக் கத்தினார்: “டேய், ஹாரன் அடிக்காதீங்கடா! நைனா பொண்ணு கல்யாணம் பேசிகினு கீறாரு!” எப்படியோ அந்த இடத்தைச் சுற்றி மட்டும் கொஞ்சம் அமைதி வந்தது. கடல் சத்தம் கேட்டது.

போனை ஸ்பீக்கரில் போட்டு, “புவோன்ஜோர்னோ, சின்யோரா” என்று வணக்கம் சொன்னேன். “இயோ… பப்பா தி கயல்.” நான் கயலின் அப்பா. அதற்குமேல் என்னிடம் இருந்தது மூன்று நாள் பாஷை. அதில் பாதி மீன், மீதி சாப்பாடு. ‘ஸ்கூசி’ என்கிற மன்னிப்பையும் சேர்த்து, இருந்ததை எடுத்துப் போட்டேன். “ஃபியோரி… ஸ்கூசி, சின்யோரா, ஸ்கூசி. மதுரை… இந்த ஃபியோரே… ஃபெஸ்தா. மதுரையில் ஃபெஸ்தா, சின்யோரா!”

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை. பிறகு அந்தம்மா ஏதோ கேட்டார். பிலோமினா என் காதில் சொன்னார்: “கல்யாணத்துக்கும் இந்தப் பூவான்னு கேக்குது.”

“சீ, சின்யோரா. சீ.” ஆமாம்மா, ஆமாம்.

லூச்சியா அம்மாள் மெதுவாகப் பேச ஆரம்பித்தார். பிலோமினா ஒவ்வொரு வரியாகச் சொன்னார். காலையில் கதவைத் திறந்ததும் உயிரே போய்விட்டதாம். மகனுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று போன் போட்டிருக்கிறார். அவன் தூக்கக் கலக்கத்தில், பசிக்கிறது அம்மா என்றானாம். அதற்குள் பக்கத்து வீட்டம்மா துக்கம் விசாரிக்கக் கேக்கோடு வந்துவிட்டாராம். இங்கே பிலோமினாவுக்கே சிரிப்பு வந்து மொழிபெயர்ப்பு நின்றது. அந்தப் பக்கத்திலும் சிரிப்புச் சத்தம்.

“வூட்ல அத்த வெச்சிக்க முடியாதுல்ல. அதனால அவங்க வூட்டுக்காரர் கல்லறைக்கு எட்த்துகினு போச்சாம். இம்மா நேரம் அங்கதான் இருந்துதாம்.” பிலோமினாவின் குரல் இறங்கியது. “புள்ள கல்யாண விசயத்த ஒவ்வொரு தபா போவும்போதும் அவராண்ட சொல்லணும்னு நெனைக்குமாம். வாய் வராதாம். சொல்லிட்டா, அவர் இல்லாமலே கல்யாணம் நடந்துருமேன்னு. இன்னிக்கு பூவோட போய் நின்னாச்சி. யார் குட்த்தாங்கன்னு அவருக்குச் சொல்லணுமே. சொல்லிச்சாம்.”

நான் தமிழிலேயே கேட்டுவிட்டேன்: “அவரு என்ன சொன்னாராம்?” பிலோமினா தன் சட்டத்தைத் தானே மீறி, அதை மட்டும் இத்தாலிப் பாஷையில் கேட்டார்.

“ஒண்ணும் சொல்லலியாம். உசிரோட இருந்தப்பவும் பிடிச்ச விசயத்துக்கு ஒண்ணும் சொல்ல மாட்டாராம்.”

கவிதா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அப்போது லூச்சியா அம்மாள், யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லாமல், எனக்காக நிறுத்தி நிறுத்திச் சொன்னார்:

“க்ராத்சியே… கொன்சுவோச்செரோ.”

நன்றி, சம்பந்தி.

பிலோமினா என் முதுகில் ஓங்கி ஓர் அடி அடித்தார். யூசுப் பாய் ஆட்டோவுக்கு வெளியே தலையை நீட்டி, “ஓகே ஆயிட்ச்சி!” என்று கூவினார். மேலே ஏறி உட்கார்ந்த லாரி டிரைவர் ஹாரனை அழுத்தியவர் கையை எடுக்கவேயில்லை. பின்னால் இருந்தவர்களுக்கு விஷயம் தெரிந்ததோ, வழி கிடைத்துவிட்டது என்று நினைத்தார்களோ, எண்ணூர் சாலை முழுவதும் அத்தனை கண்டெய்னர் லாரிகளும் ஒன்றாக அலற ஆரம்பித்தன. தாலி கட்டும்போது கெட்டிமேளம் கொட்டுவதுபோல இருந்தது எனக்கு.

அந்தம்மா பயந்துபோய், அது என்ன சத்தம் என்று கேட்டார். கெட்டிமேளத்துக்கு இத்தாலியில் என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியாது. இருந்த வார்த்தையைச் சத்தமாகச் சொன்னேன்.

“ஃபெஸ்தா, சம்பந்தி! ஃபெஸ்தா!”